மாறும் கடவுளும் மாற்றும் கைகளும்

கடவுள் மாறுகிறாராம்! நாம் சொல்லவில்லை. நாத்திக மேடையில் எவரும் நையாண்டியாகச் சொன்னதும் அன்று. கிறித்தவ இறையியலைக் கற்றுத் துறைபோகிய பேராசிரியர்கள் சொல்கின்றனர். கடவுள் எல்லாம் வல்லவர் அல்லர். நாளை நடக்கப்போவதை இன்றே முற்றும் அறிந்தவரும் அல்லர். உலகம் துன்புறும்போது அவரும் துன்புறுகிறார். உலகம் வளர வளர அவரும் வளர்கிறார் என்று நூல்மேல் நூலாக எழுதி அடுக்கியிருக்கின்றனர். இதற்குப் 'பிராசஸ் தியாலஜி' என்று பெயர். 'நிகழ்முறை இறையியல்' என்று தமிழில் வழங்கலாம்.

எங்கோ அமெரிக்கக் கல்லூரியில் பேசப்படும் பேச்சு, நமக்கென்ன என்று தோழர்கள் கேட்கக்கூடும். நமக்கு வேலை இருக்கிறது. கடவுள்களுக்குப் பஞ்சமில்லாத ஊர் நம் திண்டுக்கல். தைப்பூசம் வந்தால், செட்டிநாட்டிலிருந்து நத்தம் வழியே பழனிக்கு நடக்கும் கூட்டம் நம் சாலைகளை நிறைக்கிறது. அமெரிக்க மதுரை மிஷன் 1835இலேயே இங்கே நிலையம் அமைத்தது. கத்தோலிக்கத் திருச்சபை 2003இல் திண்டுக்கல்லைத் தனி மறைமாவட்டமாக்கியது. பேகம்பூரில் பள்ளிவாசல், கோட்டைக்கு அடியில் அபிராமி கோயில். இத்தனைக்கும் நடுவில் படித்த இளைஞரிடையே புதியதொரு பேச்சுக் கிளம்பியிருக்கிறது. "காவடி கேட்கும் கடவுளை நான் நம்பவில்லை. மதம் எனக்கு வேண்டாம். ஆனால் ஏதோ ஒரு சக்தி இருக்கிறது. நான் ஆன்மிகவாதி" என்கிறார் நண்பர். சடங்கை விட்டார், சாத்திரத்தை விட்டார். அந்த 'ஏதோ ஒரு சக்தி'யை மட்டும் விட மறுக்கிறார். அந்தச் சொல்லுக்கு அறிஞர்கள் அமைத்துத் தந்த முழுக் கட்டடமே நிகழ்முறை இறையியல். குருக்களோடும் சோதிடரோடும் வாதாடிப் பழகியவர்கள் நாம். இங்கே எதிரில் நிற்பது மடமையன்று, மதிநுட்பம். ஏளனம் இதற்கு விடையாகாது. இதன் வலிமையான வடிவத்தை எடுத்து, நம் ஊர் வாழ்க்கை என்னும் தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

இக்கொள்கையின் மூலவர் ஆல்ஃபிரட் நார்த் ஒயிட்ஹெட் (1861-1947). பாதிரியார் வீட்டுப் பிள்ளை. கற்றதும் கற்பித்ததும் கணிதம். தம் மாணவர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலோடு சேர்ந்து 'பிரின்சிபியா மேத்தமேட்டிகா' என்னும் மூன்று தொகுதிப் பெருநூலை 1910 முதல் 1913 வரை வெளியிட்டார். கணிதம் முழுவதையும் அளவை நூலின் அடித்தளத்தில் எழுப்பிக் காட்ட முயன்ற நூல் அது. பிறகு இருவர் வழியும் பிரிந்தது. ரஸ்ஸல், தாம் ஏன் கிறித்தவர் அல்லர் என்பதை 1927 மார்ச்சு 6ஆம் நாள் இலண்டனில் சொற்பொழிவாக விளக்கினார். அப்பேச்சைத் தமிழாக்கிப் பரப்பியது தன்மான இயக்கம். ஒயிட்ஹெட்டோ, 1928இல் எடின்பரோவில் வேறு சொற்பொழிவுகளை ஆற்றினார். அவை 1929இல் நூலாயின. 'நிகழ்முறையும் மெய்ம்மையும்' என்பது அந்நூற்பெயரின் பொருள். ஒரே கணக்கைச் சேர்ந்து போட்ட இருவருள் ஒருவர் கடவுளைக் கழித்தார். மற்றவர் கடவுளைத் திருத்தி எழுதினார்.

ஒயிட்ஹெட் பிழைப்புக்காகக் கடவுளைக் கட்டியவர் அல்லர். முதல் உலகப்போரில் விமானப் படையில் பணிபுரிந்த இளைய மகனை 1918இல் பறிகொடுத்த தந்தை அவர். மகனைக் கொன்ற உலகத்தை எல்லாம் வல்ல அருளாளன் ஆள்கிறான் என்று அவரால் சொல்ல இயலவில்லை. அந்த நேர்மையை நாம் மதிக்கிறோம்.

அந்த நூல் வெளிவந்த 1929இல்தான், பிப்ரவரித் திங்களில், செங்கற்பட்டில் முதல் சுயமரியாதை மாநாடு கூடியது. சாதிப்பட்டத்தைத் துறக்கவும் பெண்ணுக்குச் சொத்துரிமை வழங்கவும் அது தீர்மானம் செய்தது. அங்கே ஒருவர் கடவுளின் இலக்கணத்தை மாற்ற முனைந்தார். இங்கே நம் முன்னோடிகள் மனிதரின் நிலையை மாற்ற முனைந்தனர். இவ்விரண்டில் அன்றாட வாழ்வைத் தொட்டது எது? அதுவே நம் கேள்வி.

முதலில் கொள்கையைத் தெளிவாகக் காண்போம். உலகம் பொருள்களால் ஆனதன்று, நிகழ்ச்சிகளால் ஆனது என்பது ஒயிட்ஹெட்டின் அடிப்படை. திண்டு போன்ற கல் நிற்பதால் நம் ஊருக்குத் திண்டுக்கல் என்று பெயர் வந்தது என்பர். அந்தக் கல் அசையாப் பொருள் என்று நாம் நினைக்கிறோம். ஒயிட்ஹெட்டைக் கேட்டால், அதுவும் மெல்ல மெல்ல நடந்துகொண்டிருக்கும் நிகழ்ச்சியே என்பார். வெயில் அதை வெடிக்கச் செய்கிறது, மழை கரைக்கிறது, உள்ளே அணுக்கள் ஓயாமல் துடிக்கின்றன. ஒவ்வொரு நிகழ்ச்சியும் முன் நடந்தவற்றைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. அவற்றோடு தன் பங்காகச் சிறிது புதுமை சேர்க்கிறது. பிறகு வரப்போகும் நிகழ்ச்சிக்குத் தானே உணவாகிறது. தனித்து நிற்பது எதுவுமில்லை. உறவே உண்மை, மாற்றமே மெய்.

இந்த உலகில் கடவுளுக்கு என்ன இடம்? அவருக்கு இரு பக்கங்கள் உண்டு என்கின்றனர். ஒரு பக்கத்தில், உலகில் நடக்கக்கூடிய நன்மைகள் எல்லாவற்றையும் எண்ணங்களாகத் தாங்கி நிற்கிறார். மறுபக்கத்தில், உலகில் நடந்தவை எல்லாவற்றையும் தம்முள் ஏற்று நினைவில் வைக்கிறார். அதனால் தாமும் மாறுகிறார். அவர் எவரையும் வற்புறுத்தார். வற்புறுத்தும் ஆற்றலே அவருக்கு இல்லை. ஒவ்வொரு கணத்திலும் ஒவ்வொருவரையும் சிறந்ததை நோக்கி மென்மையாக அழைப்பது மட்டுமே அவர் செயல். அழைப்பை ஏற்பதும் மறுப்பதும் நம் விருப்பம். இதை வளர்த்தவர் சார்ல்ஸ் ஹார்ட்ஷார்ன்; 1897இல் பிறந்து 2000இல் மறைந்தவர். எல்லாம் வல்ல கடவுள் என்னும் கருத்தே இறையியலின் பிழைகளுள் ஒன்று என்று 1984இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே அறிவித்தவர். அவர் வழிவந்த ஜான் காப் என்பவரும் டேவிட் கிரிஃபின் என்பவரும் 1973இல் கலிபோர்னியாவின் கிளேர்மாண்ட் நகரில் இதற்கென ஆய்வு மையம் நிறுவினர். காப் 2024இல் மறையும்வரை, காற்றும் நீரும் கெடுவதைப் பற்றியும், மனிதரை மறந்த பொருளாதாரத்தைப் பற்றியும் எழுதினார். ஆன்மிகம் என்பது கண்ணை மூடி அமர்வதன்று. உண்பது, உழைப்பது, மண்ணைப் பேணுவது எல்லாம் ஆன்மிகமே என்பது இவர்கள் முடிவு.

நல்லதை நல்லதென்று சொல்ல நாம் தயங்க மாட்டோம். இக்கொள்கையில் நல்லவை மூன்று. தலைவிதி என்னும் தளையை இது அறுக்கிறது: நாளை எழுதப்படவில்லை, கடவுளாலும் எழுதப்படவில்லை என்கிறது. அடுத்து, அரசனைப் பார்த்துச் செய்த கடவுளை இது அரியணையிலிருந்து இறக்குகிறது. கோ இருக்கும் இல்லமே கோயில் ஆயிற்று. குடையும் கவரியும் பள்ளியெழுச்சியும் பவனியும் அரண்மனையிலிருந்து கோயிலுக்குச் சென்றவை என்பதை நாம் மேடைதோறும் விளக்கினோம். மேலைநாட்டில் சீசரின் சாயலில் கடவுளை வார்த்தனர் என்று ஒயிட்ஹெட் சொன்னதும் இதே உண்மைதான். மூன்றாவதாக, மனிதனைத் தனித் தீவாகப் பார்க்காமல், அண்டை வீட்டாரோடும் ஆற்றோடும் மரத்தோடும் பிணைந்தவனாக இது பார்க்கிறது. இந்த மூன்றையும் நாம் இரு கை நீட்டி வரவேற்கிறோம். ஆனால் இம்மூன்றையும் ஏற்பதற்குக் கடவுள் எதற்கு என்னும் இடத்தில்தான் நம் வழக்குத் தொடங்குகிறது.

நம் மலையின் வாழையை எடுத்துக்கொள்வோம். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பெயர் தந்தது விருப்பாட்சி மலைவாழை. கீழ்ப்பழனி மலைச்சரிவில் விளையும் இந்தப் பழத்தில் நீர் குறைவு. அதனால் பஞ்சாமிர்தம் விரைவில் கெடுவதில்லை. அசுவினிப் பூச்சி பரப்பும் முடிக்கொத்து நோய் அந்த வாழையைத் தாக்கியது. இலைகள் சிறுத்துக் கொத்தாக நெருங்க, குலை தள்ளாமலே மரங்கள் நின்றன. தோட்டம் தோட்டமாக அழிந்தது. எந்தக் கடவுளுக்கு அந்தப் பழம் படைக்கப்பட்டதோ அந்தக் கடவுள் அதைக் காக்கவில்லை. பழைய ஆத்திகர் இதை ஊழ் என்பார், சோதனை என்பார். நிகழ்முறை இறையியலார் அப்படிச் சொல்ல மாட்டார். நோயைக் கடவுள் அனுப்பவுமில்லை, தடுக்கும் ஆற்றலும் அவருக்கில்லை. உழவரோடு சேர்ந்து அவரும் வருந்தினார் என்பார். வருந்தியவர் இருக்கட்டும், வழி கண்டவர் யார்? நோயில்லாத திசுவைப் பிரித்தெடுத்து, ஆய்வுக்கூடத்தில் கன்றாக வளர்த்து, மலைக்கு மீண்டும் கொண்டுசென்ற வேளாண்மைப் பல்கலைக்கழக அறிவியலாரும், கன்றை நட்டு நீரூற்றிய உழவரும். நோய்க்குக் கடவுள் பொறுப்பில்லை என்று விடுவித்தவர்கள், நோய் நீங்கியதில் மட்டும் அவருக்குப் பங்கு கேட்பது என்ன நியாயம்?

துன்பம் நிறைந்த உலகைக் கண்டு படைத்தவனைக் கேள்வி கேட்பது தமிழனுக்குப் புதிதும் அன்று. ஒரு வீட்டில் சாப்பறை, மறு வீட்டில் மணமுழவு ஒலிக்கும் உலகைப் படைத்தவனைப் பண்பற்றவன் என்று இடித்துரைத்தவர் புறநானூற்றுப் புலவர் பக்குடுக்கை நன்கணியார். இரந்துதான் வாழவேண்டும் என்னும் நிலையை வைத்தவனைச் சபித்தவர் வள்ளுவர். இரவச்ச அதிகாரத்தைப் புரட்டினால் காணலாம். நன்கணியாரின் கேள்விக்கு அருளும் ஆற்றலும் ஒருங்கே உடைய கடவுளை வைத்துக்கொண்டு விடை கூற இயலாது. நிகழ்முறை இறையியலார் அதை ஒப்புக்கொண்டனர். அருளை வைத்துக்கொண்டு ஆற்றலைக் கைவிட்டனர். அதாவது, நம் வழக்கில் நாம் கேட்ட தீர்ப்பைப் பாதிக்கு மேல் அவர்களே எழுதித் தந்துவிட்டனர்.

கிரேக்கத்திலும் உரோமிலும் கோலோச்சி மறைந்த தெய்வங்களை 'மாஜி கடவுள்கள்' என்று அண்ணா எழுதிக் காட்டினார். அந்தக் கடவுள்கள் பதவியோடு இருக்கையையும் இழந்தனர். இந்தக் கடவுளோ அதிகாரத்தைத் துறந்துவிட்டார். இருக்கையை மட்டும் விடவில்லை. ஆக்குவதில்லை, அழிப்பதில்லை, தடுப்பதில்லை, தண்டிப்பதில்லை. ஆயினும் அலுவலகத்தில் பெயர்ப்பலகை தொங்குகிறது. அந்தப் பலகைக்கு அடியில் யார் உட்கார்ந்து வசூல் செய்கிறார் என்பதையும் பார்க்க வேண்டாமா?

இங்கே நாம் பழனி மலைக்கு ஏற வேண்டும். அங்குள்ள சிலை போகர் என்னும் சித்தர் நவபாஷாணத்தால் செய்தது என்பது மக்கள் நம்பிக்கை. காலங்காலமாக நடந்த அபிடேகத்தால் சிலை தேய்ந்துவிட்டது என்ற கவலை எழுந்தது. 2004இல் புதிய ஐம்பொன் சிலை ஒன்று கருவறையில் வைக்கப்பட்டது. எதிர்ப்பு எழவே சில திங்களில் அகற்றப்பட்டது. அதைச் செய்ததில் முறைகேடு என்று 2018இல் காவல்துறையின் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு வழக்குத் தொடுத்தது. மாறாதவர் என்று போற்றப்படுபவரின் வடிவம் தேய்கிறது; அதைக் காக்க மனிதர் கூடி ஆராய்கின்றனர்; அதிலும் முறைகேடு என்று காவலர் வழக்கு எழுதுகின்றனர்! "பார்த்தீர்களா, கடவுளும் மாறுகிறார், மனிதரைச் சார்ந்திருக்கிறார், நாங்கள் சொல்வதும் இதுதானே" என்று நிகழ்முறை இறையியலார் மகிழலாம். ஆனால் மலையேறும் மக்களிடம் போய், "உங்கள் மகனுக்கு வேலை வாங்கித் தர இவரால் ஆகாது, உங்கள் நோயைத் தீர்க்க இவரால் ஆகாது, மென்மையாக அழைப்பார், அவ்வளவுதான்" என்று சொல்லிப் பாருங்கள். மொட்டை போடுவார் எவர்? உண்டியலில் போடுவார் எவர்? ஆற்றலற்ற கடவுளுக்கு எவரும் காவடி எடுப்பதில்லை.

ஆகவே ஒரே பெயரில் இரண்டு கடவுள்கள் நடமாடுகின்றனர். கருத்தரங்க மண்டபத்தில் ஒருவர்: மெல்லியவர், மாறுபவர், வற்புறுத்தாதவர். மலைமீதும் மாதா கோயிலிலும் மற்றவர்: வல்லவர், வரந்தருபவர், நேர்த்திக்கடன் கேட்பவர். பகுத்தறிவாளன் கேள்வி கேட்டால் முதல் கடவுளை முன்னே நிறுத்துகின்றனர். அவன் திரும்பிச் சென்றதும் இரண்டாமவருக்குத் தீபாராதனை நடக்கிறது. ஒயிட்ஹெட் இதை விரும்பினார் என்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. ஆனால் படித்த நண்பரின் 'ஏதோ ஒரு சக்தி'யின் நிழலில்தான் படிக்காதவரின் பணமும் பயமும் அறுவடையாகின்றன என்பதை அந்த நண்பர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, அந்த அழைப்பு. கடவுள் நம் உள்ளத்தில் சிறந்ததை நோக்கி அழைக்கிறார் என்கின்றனர். உள்ளத்தில் எழும் குரல்கள் பல. எது கடவுளின் குரல், எது பழக்கத்தின் குரல், எது சாதியின் குரல் என்று எப்படிப் பிரிப்பது? நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் ஒரே தேவாலயத்துக்குள் சாதிக்கொரு பக்கமாக மக்கள் பிரித்து அமர்த்தப்பட்டனர். நடுவே சுவர் நின்றது. அந்தச் சுவரைக் காத்தவர்களும் இறைப்பற்றாளரே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை இடிக்கச் செய்த பாதிரியாரும் இறைப்பற்றாளரே. இருவரும் மண்டியிட்டே வணங்கினர். இருவருக்கும் ஒரே கடவுளா அழைப்பு விடுத்தார்?

அருச்சகர் வழக்கும் அப்படியே. கருவறைக்குள் எந்தச் சாதியார் நுழையலாம் என்பதில் பல நூற்றாண்டுகளாக எந்தக் கடவுளும் எந்தக் குருக்களின் உள்ளத்திலும் வேறு குரல் எழுப்பியதாகத் தெரியவில்லை. பெரியார் கிளர்ச்சி அறிவித்தார். கலைஞர் அரசு 1970இல் பரம்பரை அருச்சகர் முறையை ஒழிக்கச் சட்டம் செய்தது. 1972இல் உச்ச நீதிமன்றம் பரம்பரை உரிமை ஒழிந்தது சரியென்றது. ஆனால் ஆகமத்தைக் காட்டி வாசலில் ஒரு கட்டை போட்டது. 2006இல் அரசு மீண்டும் முயன்றது. பயிற்சிப் பள்ளிகள் திறந்தன. அவற்றுள் ஒன்று நம் மாவட்டத்துப் பழனியிலேயே நடந்தது. பயின்றவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். 2015இல் மற்றொரு தீர்ப்பு வந்தது, மீண்டும் காத்திருப்பு. 2021 ஆகஸ்டில்தான் அவ்வாறு பயின்ற அனைத்துச் சாதியினருள் 24 பேருக்கு ஒரே நாளில் பணியாணை கிடைத்தது. ஐம்பது ஆண்டுக்கு மேல் நடந்த இந்தப் போராட்டத்தில் அழைத்தது யார்? கறுப்புச் சட்டைத் தொண்டர், சட்டமன்றம், வழக்குரைஞர், பயின்று காத்திருந்த இளைஞர். கடவுள் நம்பிக்கையற்ற இயக்கம் கடவுளின் கருவறைக்குள் சமத்துவத்தைக் கொண்டுசேர்த்தது. நிகழ்முறை இறையியலார், கடவுள்தாம் நாத்திகரையும் அழைத்தார் என்பர். நல்லது. அப்படியானால் அழைப்பு நல்லதா என்று அறிவால் ஆராய்ந்து, நல்லதென்று கண்டபின்தானே அதைக் கடவுளின் அழைப்பு என்று முத்திரை குத்துகின்றனர்? நீதிபதி இருக்கையில் அறிவு முன்பே அமர்ந்துவிட்டது. தீர்ப்பு எழுதிய பிறகு வந்து கையெழுத்திடும் கடவுளால் ஆவதென்ன?

உடன் துன்புறும் கடவுள் என்பது இக்கொள்கையின் உயிர்நாடி. அழும் மனிதனுக்கு ஆறுதல் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. அந்த ஆறுதலையும் நம் மண்ணிலேயே நிறுத்துப் பார்ப்போம்.

வேடசந்தூர்ச் சமவெளியெங்கும் நூற்பாலைகளும் ஆடைத் தொழிற்சாலைகளும் நிற்கின்றன. விடியலுக்கு முன்பே சிற்றூர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு வண்டிகள் ஓடுகின்றன. 2021 சனவரியில், நம் மாவட்டத்தில் ஏற்றுமதி ஆடை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிந்த தாழ்த்தப்பட்ட வகுப்பு இளம்பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். பிறகுதான் மற்றப் பெண் தொழிலாளரும் தமக்கு நேர்ந்த தொல்லைகளை வெளியே சொல்லத் தொடங்கினர். அந்தப் பெண்ணோடு கடவுளும் துன்புற்றார் என்று சொல்லலாம். சொன்னால் அடுத்த நாள் காலை அதே தையல் எந்திரத்தின் முன் அமரும் பெண்ணுக்கு என்ன மாறுகிறது? மேற்பார்வையாளனின் கை அவள்மேல் படாதிருக்க அந்தச் செய்தி உதவுமா?

உதவியது வேறு. பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் என்னும் சங்கம் எழுந்து நின்றது. கொல்லப்பட்டவரின் குடும்பத்தாரும் தளராமல் நின்றனர். பிற நாட்டுத் தொழிலாளர் அமைப்புகள் தோள் கொடுத்தன. அந்த ஆடைகளை வாங்கி விற்கும் எச் அண்டு எம் போன்ற பெருநிறுவனங்களின் கதவு தட்டப்பட்டது. 2022 ஏப்ரலில், பெண்கள்மீதான வன்முறையையும் துன்புறுத்தலையும் ஒழிப்பதற்கென ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. உலகெங்கும் அதற்குத் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்றே பெயர். தொழிற்கூடத்தில் தொல்லை நேர்ந்தால் கண்டு சொல்லத் தொழிலாளருள்ளிருந்தே கண்காணிப்பாளர் பயிற்றுவிக்கப்பட்டனர். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாதென்று விதி வந்தது. மீறினால் வாணிகமே பாதிக்கப்படும் என்னும் கடிவாளம் பூட்டப்பட்டது. பூட்டுக்குப் பேர்போன நம் ஊர், பெண்ணின் பாதுகாப்புக்கும் ஒரு பூட்டுச் செய்து தந்தது.

நிகழ்முறை இறையியல் வற்புறுத்தலைக் குறையென்கிறது, அழைப்பையே அறமென்கிறது. தோழர்களே, அந்தத் தொழிற்கூடத்துப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். மேற்பார்வையாளனின் உள்ளத்தில் எழும் மென்மையான அழைப்பை நம்பி அவர்கள் இருந்திருக்க வேண்டுமா? அநீதிக்காரனைத் தடுக்கும் சட்டமும் சங்கமும் ஒப்பந்தமும் வற்புறுத்தல்தாம். அந்த வற்புறுத்தல் இல்லாத இடத்தில் எளியவனுக்கு அறமில்லை. கடவுளிடமிருந்து பிடுங்கிய கோலைக் கொடுங்கோலன் கையில் விடக்கூடாது. மக்கள் மன்றத்தின் கையில் தர வேண்டும். இந்தப் பாடம் அந்த நூல்களில் தெளிவாக இல்லை.

நினைவைப் பற்றியும் சொல்ல வேண்டும். செத்தாரையெல்லாம் கடவுள் தம் நினைவில் என்றும் வைத்திருக்கிறார் என்கிறது இக்கொள்கை. அழகிய எண்ணம். ஆனால் பழனிக்கு அருகிலுள்ள பொருந்தலில் நடந்த அகழாய்வை எண்ணிப் பாருங்கள். ஈமக்குழியிலிருந்து நெல் நிறைந்த கலம் கிடைத்தது; தமிழ் எழுத்துப் பொறித்த தாங்கியும் கிடைத்தது. அந்த நெல்லின் காலம் கி.மு. 490 என்று அறிவியல் ஆய்வு கணித்தது. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு மண்ணுக்குள் கிடந்த அந்த மனிதனின் நினைவை எந்த அருளாளரும் எவர் காதிலும் ஓதவில்லை. பேராசிரியர் கா. இராசனும் மாணவர்களும் மண்வெட்டி பிடித்து மீட்டனர். மனிதர் மறந்தால் எழுத்தறியா ஏழையின் வரலாறு மறைந்தே போகும். கடவுள் நினைத்துக்கொள்வார் என்று விட்டுவிட்டால், ஏடு எழுதுவதும் கல்வெட்டைக் காப்பதும் எவர் கடமை?

இவ்வளவு சொன்ன நாம், இறைநம்பிக்கை கொண்டோருள் நம் பக்கத்தில் நின்று உழைப்போரைப் பகைவராக எண்ணுவதில்லை. மதுரை அரசரடியில் 1969 முதல் இயங்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றியவர் தியாபிலஸ் அப்பாவு; 'பரட்டை' என்றால் பலருக்கும் தெரியும்; 2005இல் மறைந்தார். நிகழ்முறை இறையியலார் வரிசையில் அவரை நாம் சேர்க்கவில்லை. ஆனால் கடவுளை அரியணையிலிருந்து அடுப்படிக்கு இறக்கியவர் அவர். கர்நாடக இசையும் மேல்சாதி மொழியும் கோலோச்சிய தேவாலயத்துக்குள் நாட்டுப்புற மெட்டையும் பறையையும் சேரிப் பேச்சையும் கொண்டுவந்தார். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் கூடி உண்பதே வழிபாட்டின் சாரம் என்று வற்புறுத்தினார். சமபந்தி நடத்திச் சாதியை உடைக்க முனைந்த இயக்கத்தாராகிய நமக்கு அந்த உலையின் மணம் தெரியும். அந்தப் பந்தியில் நாமும் அமர்வோம், அரிசியும் தருவோம். ஒன்று மட்டும் சொல்வோம்: அந்த உலை கொதித்தது விறகால், அதில் அரிசி விழுந்தது பலர் உழைப்பால், எல்லாரும் சேர்ந்து உண்டது, சாதியை மீறுவோம் என்று மனிதர் எடுத்த முடிவால். அந்த முடிவின் பெருமையை, முடிவெடுத்தவரிடமிருந்து பறித்து மேலே அனுப்ப வேண்டாம். நூற்றாண்டுக்கணக்காகப் பெருமை பறிக்கப்பட்ட மக்கள் அவர்கள்.

நிகழ்முறை இறையியலைப் பற்றி நம் தீர்ப்பு இதுதான். பழைய கடவுளை இடித்தமைக்கு நன்றி. இடித்த இடத்தில் அவர்கள் கண்டெடுத்த மாற்றம், உறவு, பொறுப்பு மூன்றும் மெய்யான செல்வங்கள். ஆனால் அவை மனிதரின் செல்வங்கள். அவற்றுக்குக் கடவுள் என்று பெயரிடும்போது இரண்டு கேடுகள் விளைகின்றன: பழைய கடவுளின் வாணிகர் அந்தப் பெயரில் கடையைத் தொடர்கின்றனர், போராடி வென்றவர் தம் வெற்றியை மற்றொருவர் கணக்கில் எழுதிவிடுகின்றனர்.

'ஏதோ ஒரு சக்தி' என்னும் நண்பரோடு சண்டையிட வேண்டாம், தோழர்களே. தேநீர்க் கடையில் அருகில் அமர்ந்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அந்தச் சக்தி எதைத் தடுத்தது? அது சொல்வது நல்லதுதானா என்று எதைக்கொண்டு அறிந்தீர்? அதை எடுத்துவிட்டால் உம் அன்பிலும் உழைப்பிலும் எது குறையும்? அவர் நேர்மையாளரானால் சற்று நேரம் பேசாமலிருப்பார். அந்த அமைதியைக் கலைக்காதீர்கள். பிறகு அவரையும் அழைத்துக்கொண்டு, தொழிலாளர் சங்கக் கூட்டம் எங்கே நடக்கிறதோ, நூலகத்துக்கு எங்கே அடுக்குப் போடுகிறார்களோ, இரவுப் பள்ளிக்கு எங்கே ஆள் தேவையோ அங்கே செல்லுங்கள். கேள்வி வழியிலேயே வளரட்டும், வேலை காத்திருக்கிறது.